திம்பம் ஏறும் வண்டிக்கு இரட்டை டர்போ

ஆவணி 6, வியாழன்

இன்று காலை எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: எங்கள் வீட்டுக்காரர், அவர் தம்பி குமரவேல், பூ மண்டி ராயப்பண்ணன், மெக்கானிக் இஸ்மாயில், நான். ஆக ஐவர். நான் பாதி நேரம் அடுப்படியில்தான் நின்றேன். காது முன்னறையில் இருந்ததால் என்னையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பேச்சை ராயப்பண்ணன் ஆரம்பித்தார். சத்தியமங்கலத்தில் அவர் மண்டியில் காலையில் ஏலம் எடுக்கும் மல்லிகையைத் திம்பம் மலை ஏறி மைசூரில் சேர்ப்பது எங்கள் பிக்கப் வண்டி. எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அந்த லோடினால்தான்.

"மூர்த்தி, நான் வளைச்சுப் பேசறதில்லீங்க. ரெண்டு மாசமா உங்க வண்டி பிந்திப் பிந்திப் போகுது. மல்லி மொட்டாப் போனாத்தான் அங்க வெலை. இப்ப பெட்டியத் தொறந்தா முக்காவாசி மலர்ந்து கெடக்குதுன்னு மைசூர்க்காரன் போன்ல கத்தறான். ஆயுத பூசை வருது. அதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லீன்னா நான் வேற வண்டி பாக்கோணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

"வண்டில இழுவை பத்த மாட்டீங்குதுங்கண்ணா," என்றார் இவர். "மலை ஏற மூச்சு வாங்குது."

ராயப்பண்ணன் காபியைக் குடித்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் குமரவேல் கைபேசியை நீட்டினான். கோயமுத்தூரில் ஒரு கம்பெனி வண்டிகளுக்கு இரட்டை டர்போ கிட் விற்கிறதாம். மாட்டிவிட்டால் வண்டி கழுகாட்டம் ஏறுமாம்.

"அதென்ன குமரா டர்போ?" என்றேன்.

"நங்கையா, இது மிக்சிக்கு ஜாரு மாத்தற வேலையில்ல. விடுங்க." அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இஸ்மாயில்தான் சொன்னான். "என்ஜினுக்குள்ள காத்தை அமுக்கி உடற காத்தாடிங்கக்கா. நம்ம வண்டில ஏற்கெனவே ஒண்ணு இருக்குது. இவங்க ரெண்டாக்கோணும்ங்கறாங்க."

கிட் இரண்டு தினுசாம். சீட்டு எடுத்துத்தான் வாங்க வேண்டும், சீட்டு என் பெயரில். அதனால் எந்தக் கிட் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. குமரவேல் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. சீக்கிரம் பார் என்றார்.

மாலை விளக்கு வைக்கும்போது அம்மனிடம் மொட்டு மொட்டாகவே போக வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.


ஆவணி 8, சனி

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. இங்கிலீஷ் வாசிப்பது மருந்து அட்டையிலும் தையல் மிஷின் புத்தகத்திலும் நானாகக் கற்றது. கம்பெனிக்காரர்களின் காகிதம் அதைவிடக் கடினம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோசை மாவு பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

புரிந்தது இவ்வளவு: என்ஜின் எரித்துத் தள்ளும் புகை வெளியே போகிறது அல்லவா, அந்தப் புகை போகிற வழியில் ஒரு சக்கரம். புகை அதைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து என்ஜினுக்குள் அமுக்குகிறது. காற்று அதிகம் போனால் டீசல் அதிகம் எரியும், பலம் கூடும்.

வீணாய்ப் போகிற புகையை வைத்தே வேலை வாங்குகிறார்கள். கஞ்சித் தண்ணீரைக் கொட்டாத வீட்டில் பிறந்த யாரோதான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இத்தனை வருடமாக இப்படி ஒன்று எங்கள் வாசலில் நின்ற வண்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பொட்டு வைத்தேன், என்ன இருக்கிறதென்று கேட்கவில்லை. காலையில் பானட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். நத்தை ஓடு மாதிரி சுருண்டு கிடக்கிறது.


ஆவணி 10, திங்கள்

கிட் இரண்டின் வித்தியாசம் இன்று பிடிபட்டது.

முதல் தினுசில் ஒரே அளவில் இரண்டு சின்ன டர்போ. என்ஜினின் பாதிப் புகை ஒன்றுக்கு, மறுபாதி மற்றதற்கு. இரண்டாவது தினுசில் ஒன்று சின்னது, ஒன்று பெரியது. சின்னது லேசாக மிதித்தாலே சுற்ற ஆரம்பித்துவிடும், ஆனால் அதிகக் காற்றுத் தராது. பெரியது நிறையத் தரும், ஆனால் சுற்ற நேரம் பிடிக்கும். சின்னது பிடித்துக் கொடுக்க, பெரியது வாங்கிக்கொள்ளும்.

எங்கள் வண்டிக்கு நான்கு சிலிண்டர். அதன் புகையைப் பாதி பாதியாகப் பிரித்தால் இரண்டு சக்கரமும் அரைப் பட்டினிதானே கிடக்கும்? குமரவேல் முதல் தினுசுதான் நல்லது என்கிறான், படத்தில் பார்க்க ஜோடியாக அழகாக இருப்பதால்.

சந்தேகம் தீரக் கோவைக் கம்பெனிக்கே போன் போட்டேன். எடுத்தவர் பெயர் ஃபெலிக்ஸ்.

"உங்க பையன் கார் மாடிஃபை பண்றாருங்களா மேடம்?"

"எங்க வீட்டுக்காரர் பூ லோடு ஏத்தறாருங்க. நாலு சிலிண்டருக்கு ஒரே அளவு ரெண்டு எதுக்குங்க?"

"யாருங்க உங்களுக்குச் சொன்னது?" என்றார்.

"உங்க காகிதத்துலதாங்க இருக்குது."

அதன்பின் மரியாதையாகவே பேசினார். எந்தக் கிட் ஆனாலும் முதலில் இப்போதிருக்கும் டர்போ எவ்வளவு காற்றுத் தருகிறது என்று அளக்க வேண்டுமாம். அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்றை வண்டிக்குள் மாட்டி, லோடோடு மலை ஏறிப் பார்க்க வேண்டுமாம். இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன்: ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதி வாங்காமல் என்ஜினில் கை வைத்தால் இன்சூரன்ஸ் நிற்காது. குமரவேலின் கழுகு இதைச் சொல்லவில்லை.

மீட்டர் விஷயத்தை இவரிடம் சொன்னேன். "அளந்து என்ன பண்ணப் போற? ஏற மாட்டீங்குதுன்னு நான் சொல்றது பத்தாதா?" என்றார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். ரசத்தில் உப்பு கூடிவிட்டதோ என்னவோ.


ஆவணி 13, வியாழன்

கேஸ் வந்தது. பால் கணக்கு முடித்தேன். பெரிய டர்போ சின்னதுக்கு முன்னால் இருக்குமா, பின்னால் இருக்குமா என்பது இன்னும் விளங்கவில்லை.


ஆவணி 14, வெள்ளி

இவரே மாரியம்மனிடம் பூக் கேட்கலாம் என்றார். எங்கள் வீட்டில் கிணறு வெட்டியதும், மகள் கல்யாணமும் பூக் கேட்டுத்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் கட்டி அம்மன் காலடியில் வைத்து, விவரம் அறியாத பிள்ளையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். எனக்கும் நிம்மதியாக இருந்தது. மீட்டர் வேண்டாம் என்கிற மனிதர், அம்மனையாவது கேட்கிறாரே.

வீட்டிலிருந்து ஒரு நந்தியாவட்டையும் ஒரு செவ்வரளியும் கொண்டுபோய் இவர் கையில் கொடுத்தேன். "நானே கட்டறேன்" என்று இலையை வாங்கிக்கொண்டு தூணோரம் திரும்பி நின்று கட்டினார். பூசாரி மணி அடிக்க, பக்கத்து வீட்டு இனியா எடுத்தாள். நாலு வயது. எடுத்ததை வாயில் வைக்கப் போனாள், பிடுங்கினோம்.

வெள்ளை.

இவர் முகம் தெளிந்தது. இவ்வளவு சந்தோஷத்தை ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. பூசாரிக்குத் தட்டில் தாராளமாக வைத்தார்.

மற்றப் பொட்டலத்தை வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு வருவது வழக்கம். அதைப் பிரிக்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. யாரும் பிரிப்பதில்லை, அவ்வளவுதான். போடுவதற்கு என்னிடம் கொடுத்தார்கள். மரத்தடியில் தனியாக நின்றபோது, இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட இதைத் திறந்து பார்த்ததில்லையே என்று தோன்றியது. பானட்டைத் திறந்து பார்த்ததிலிருந்து எனக்கு எதையும் மூடிவைத்துப் பார்க்க முடியவில்லை.

அதிலும் வெள்ளைதான்.

அவசரத்தில் கை மாறியிருக்கும். கோயில் வாசலிலும் நந்தியாவட்டைச் செடி இருக்கிறது. திரும்ப மடித்து மரத்தடியில் வைத்துவிட்டேன். செவ்வரளி எங்கே போயிற்று என்று யாரையும் கேட்கவில்லை.


ஆவணி 17, திங்கள்

அமாவாசை. விரதம். சாயங்காலம் இஸ்மாயில் மீட்டரை மாட்டினான்.

இவர் முறைத்தார். "அம்மன் போடச் சொல்லியாச்சுங்களே," என்றேன். "எதைப் போடோணும்னு கோயமுத்தூர்காரர் அளவு கேக்கறாரு. அம்மன் சொன்னதைச் செய்யத்தானுங்க இது." சாவியை இஸ்மாயிலிடம் கொடுத்தார்.

சின்னக் கடிகாரம் மாதிரி வட்டம், உள்ளே ஒரு முள். இஸ்மாயில் சொன்னது: "வளைவு முடிஞ்சு மிதிச்சா முள்ளு பதினாறு வரைக்கும் ஏறோணுங்கக்கா. ஏறிச்சுன்னா இருக்கற டர்போ நல்லாருக்குன்னு அர்த்தம். ஏறலீன்னா ஒண்ணு டர்போ போச்சு, இல்ல குழாய் எங்கியோ ஒழுகுது."

முள்ளை யார் பார்ப்பது? ஓட்டுகிறவர் சாலையைத்தான் பார்க்க வேண்டும். நான் வருகிறேன் என்றேன்.


ஆவணி 18, செவ்வாய்

பூ லோடு ஏறும்போது நான் இதுவரை கூடப் போனதில்லை. பெட்டி பெட்டியாக மல்லிகை, மேலே ஈரச் சாக்கு. கதவைச் சாத்தியதும் கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி வாசம்.

பண்ணாரியில் வண்டியை நிறுத்திச் சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிப் புறப்பட்டோம். இவர் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினார். வெறுங்காலோடு ஓட்டினால்தான் வண்டி என்ன சொல்கிறதென்று தெரியுமாம். இத்தனை வருடத்தில் இது எனக்குத் தெரியாது.

முதல் வளைவு. முள் சும்மா கிடந்தது. வளைந்து நிமிர்ந்து மிதித்தார். எங்கோ உள்ளே விசில் மாதிரி ஒரு சத்தம், அதோடு முள் எழுந்தது. ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினாறு. முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது போல வண்டி ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சிரிக்கற?"

"ஒண்ணுமில்லீங்க. அது பேசுதுங்க."

"பேசும். பேசும். பின்னால காசு கேக்கும்."

அடுத்தடுத்த வளைவிலும் அப்படியே. கியருக்குக் கியர் சத்தம் மாறுவதும், கிளட்ச்சை விட்டதும் முள் ஒரு நொடி தயங்கி எழுவதும். பார்த்துக்கொண்டே இருக்கலாம். எந்தக் கியரில் எப்போது விடுகிறார் என்றுகூட எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

பத்தாவது வளைவு என்று எழுதிய பலகை தாண்டியதும் இவர் பேச்சை நிறுத்தினார். பதினொன்று. வளைந்து நிமிர்ந்தோம். முள் நான்கைத் தொட்டு நின்றது. பன்னிரண்டிலும் அப்படியே. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்து அடித்து, எங்களைத் தாண்டிப் போயிற்று. பிறகு ஒரு லாரி. முழு லோடு லாரி எங்களைத் தாண்டுகிறது. டர்போவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, சூடேறியதும் குழாய் விரிந்து ஒழுகுகிறது என்று நினைத்து, சத்தம் வருகிறதா என்று குனிந்து காதைக் கொடுத்தேன்.

குனிந்தபோது இவர் கால் தெரிந்தது. குதிகால் மட்டும் தரையில் ஊன்றியிருக்க, ஐந்து விரலும் மிதியைத் தொட்டும் தொடாமலும் மேல்நோக்கித் தூக்கி நின்றன. சூடான தோசைக்கல்லில் வைத்த காலைப் போல.

நிமிர்ந்து உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். மலை முடிந்து சமவெளி வந்ததும் முள் பழையபடி பதினாறு போயிற்று. மைசூரில் பெட்டியைத் திறந்தார்கள். மேல் அடுக்கு முழுக்க மலர்ந்திருந்தது.

இவருக்குக் கால் மரத்துப் போகிறது போலிருக்கிறது. தைலம் வாங்க வேண்டும்.


ஆவணி 20, வியாழன்

குழாயில் ஒழுகல் இல்லை. இஸ்மாயில் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டான்.

"ஒழுகலுமில்ல, டர்போவும் நல்லாருக்குது. அப்பறம் எப்படிங்கண்ணா முள்ளு ஏறாது? நான் ஒருக்கா லோடோட ஏத்திப் பாக்கறனுங்க."

"நீ எதுக்கு? நான் ஏத்தறேன்," என்றான் குமரவேல். "அண்ணன் இப்பெல்லாம் மாட்டு வண்டியாட்டத்தான் ஓட்டறாரு. அன்னைக்கு ஒருத்தன் சொல்றான், உங்கண்ணன் வண்டிக்குப் பின்னால மாட்டுனா டீ குடிச்சுட்டு வந்து ஒட்டிக்கலாமாம்."

இவர் ஸ்பேனரை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

குமரவேல் ஓட்டினால் முள் ஏறும். ஏறினால் அன்று பொழுது சாய்வதற்குள் மண்டி முழுக்கத் தெரிந்துவிடும்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, வண்டிச் சாவி கைமாத்தக் கூடாது," என்றேன்.

"நாளான்னிக்கு?"

"சனிக்கிழமை. அதுவும் வேண்டாம்."

"ஏனுங் நங்கையா, எந்தக் கிழமைதான் ஆகும்?"

"கேட்டுச் சொல்றேன் போ."

நான் நாள் கிழமையைச் சொல்லிப் பொய் பேசியது இதுவே முதல் தடவை. சொல்லப்போனால் பொய் என்று எதுவும் இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றுதானே சொன்னேன்.


ஆவணி 21, வெள்ளி

ஃபெலிக்ஸ் கூப்பிட்டார். அடுத்த மாதம் விலை ஏறுமாம், முன்பணம் போட்டால் கிட்டை எடுத்து வைப்பாராம். மீட்டர் அளவு என்ன ஆயிற்று என்றார்.

"பாதி மலை வரைக்கும் பதினாறுங்க. மீதிக்கு நாலு."

"அப்படி வராதுங்க மேடம். ஒண்ணு ஃபுல்லா வரும், இல்ல ஃபுல்லா வராது. டிரைவர் மிதிக்கிறாரான்னு பாருங்க."

சந்தேகம் ஒன்றைக் கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். சின்னது பெரியது வைத்த கிட்டில், புகை முதலில் சின்னதைச் சுற்றிவிட்டுப் பெரியதற்குப் போகிறது. காற்றோ முதலில் பெரியதில் அமுங்கிப் பிறகு சின்னதற்கு வருகிறது. ஆகவே எது முன்னால் என்ற என் கேள்வியே அரைக் கேள்வி. இதைக் கேட்டு அரை மணி நேரம் மனது குளிர்ந்து கிடந்தேன். வாங்குவதென்றால் இந்தக் கிட்தான். சந்தேகமே இல்லை. இதை மாட்டிய வண்டி வளைவிலிருந்து எப்படிக் கிளம்பும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே வெண்டைக்காயை நறுக்கினேன். விரலில் லேசான வெட்டு.

ஆனால் மிதிக்காத காலுக்கு எத்தனை டர்போ வைத்தாலும் முள் எப்படி எழும்? புகை இருந்தால்தானே சக்கரம் சுற்றும்.

சீட்டுப் பணத்தைப் போட்டு, கிட்டையும் மாட்டி, அதற்குப் பிறகும் பூ மலர்ந்து போனால் இவர் எதைக் குறை சொல்வார்? சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது. எனக்கு அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. லோடு போவதைவிட.


ஆவணி 23, ஞாயிறு

மழைக்குப் பூ வரத்து இல்லை. வண்டி சும்மா நின்றது. இவர் டீ குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"ஏனுங்க, காலி வண்டிய நான் ஒருக்கா மலை ஏத்திப் பாக்கட்டுங்களா? நீங்க பக்கத்துல உக்காந்து முள்ளைப் பாருங்க."

"நீயா?"

"எங்கப்பன் வீட்டுல டிராக்டர் ஓட்டியிருக்கறனுங்க. லைசென்சும் இருக்குது. மகளைக் காலேஜ்ல சேத்த வருசம் ஸ்கூட்டிக்கு எடுக்கப் போனப்ப, கூடவே காருக்கும் போட்டுக்குங்கன்னு டிரைவிங் ஸ்கூல்காரர் சொன்னாரு."

"அது பீரோல கெடக்கறதுக்குக் குடுத்தது."

"வேற யாரையும் ஓட்டச் சொல்ல எனக்கு மனசில்லீங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். சாவியை மேசைமேல் வைத்தார்.

கிளட்ச் எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் பூச்சாக்கு இரண்டை மடித்து வைத்துக்கொண்டேன். ஊர் எல்லை தாண்டும்வரை இரண்டு முறை வண்டி நின்றது. "டிராக்டர் இல்ல இது, குதிரையாட்டம் ஒதைக்காத" என்றார். மூன்றாம் வளைவுக்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. செருப்பை நானும் கழற்றியிருந்தேன். என்ஜின் நடுக்கம் உள்ளங்காலில் வந்தது. எப்போது விட வேண்டும், எப்போது மிதிக்க வேண்டும் என்று அதுவே சொல்கிறது.

"எத்தனைங்க?" என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டேன்.

"பன்னெண்டு," என்றார். "பதிமூணு." பிறகு, "பதினாலு. நெம்ப மிதிக்காத."

பத்தாவது பலகை. இவர் அளவு சொல்வதை நிறுத்திவிட்டார். கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்த கை வெளுத்திருந்தது. பதினொன்று. வளைத்து நிமிர்த்தி மிதித்தேன். விசில் கேட்டது. வண்டி ஏறியது. மீட்டர் எனக்கே ஓரக்கண்ணில் தெரிந்தது. பதினைந்து. காலி வண்டிக்கே பதினைந்து.

"நிறுத்து," என்றார்.

அகலமான இடம் வரும்வரை போய் நிறுத்தினேன். என்ஜினை அணைக்கவில்லை. கீழே காடு முழுக்க மேகம். இவர் மீட்டரைப் பார்த்தபடியே பேசினார்.

"ஆனி மாசம் டயரு பஞ்சர்னு சொன்னனல்ல."

"ம்."

"பஞ்சர் இல்ல. அந்த வளைவுல முன்னால போன லாரி பின்னால வந்துருச்சு. பிரேக் புடிக்கல அவனுக்கு. நானும் பின்னால எடுக்கோணும், வேற வழியில்ல. எடுத்தேன். ரோட்டோரக் கல்லு ஒடைஞ்சு ஒரு பக்கத்துப் பின்சக்கரம் அந்தரத்துல நின்னு சுத்துச்சு, சாந்தா. சுத்தற சத்தம் கேட்டுச்சு. தரையில ஓடுற சத்தம் வேற, அந்தச் சத்தம் வேற."

நான் கைப்பிரேக்கை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

"லாரிக்காரனே சங்கிலி போட்டு இழுத்து உட்டான். அன்னைலிருந்து அந்த எடம் வந்தா மலை முடியற வரைக்கும் கால் கேக்க மாட்டீங்குது. மிதி மிதின்னு மனசு சொல்லுது, கால் எந்திரிச்சுக்குது. வண்டிலதான் கோளாறுன்னு நெனைச்சேன். நெசமாவே அப்படித்தான் நெனைச்சேன். புது டர்போ போட்டா, சித்த மிதிச்சாலே ஏறிக்குமேன்னு."

"சின்னதும் பெருசும் வெச்ச கிட்டு அப்படித்தானுங்க. சித்த மிதிச்சாப் போதும்."

"வெளையாடாத."

"இல்லீங்க, உண்மைதான். ஆனா சித்த கூட மிதிக்கோணும்."

அதற்குச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. குமரவேலுக்குத் தெரியுமா என்றார். தெரியாது, தெரியப் போவதும் இல்லை என்றேன். பிறகு, "மேல போ. இங்க திருப்ப முடியாது," என்றார்.

மலை முடியும்வரை நானே ஓட்டினேன். இறங்கும்போது இவர் ஓட்டினார். இறக்கத்துக்கு மிதி தேவையில்லை.


ஆவணி 24, திங்கள்

இவர் குளித்துவிட்டு மாரியம்மன் கோயிலுக்குத் தனியாகப் போனார். வேலியில் செவ்வரளி இரண்டைப் பறித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். கேட்கவில்லை. போர்வை துவைத்தேன்.


ஆவணி 30, ஞாயிறு

இந்த வாரம் முழுக்கப் பயிற்சி. முதலில் மணல் மூட்டை ஏற்றி, பிறகு பாதிப் பூ லோடோடு. சமவெளியில் இவர், மலையில் நான். குமரவேலிடம், இவருக்கு மூட்டு வலி, டாக்டர் மலைக்குக் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்றார் என்று சொல்லிவைத்தோம். நம்பினானா தெரியாது. "நங்கையா ஓட்டறதா இருந்தா ரெண்டு டர்போ எதுக்கு, ஒண்ணைக் கழட்டி வெச்சரலாம்" என்றான். விட்டுவிட்டேன்.

இவர் நல்ல வாத்தியார் இல்லை. எல்லாவற்றுக்கும் "பாத்துப் பாத்து" என்கிறார். எதைப் பார்ப்பது என்று சொல்வதில்லை. ஆனால் பதினொன்றாம் வளைவில் மட்டும் இவர் வாயைத் திறப்பதில்லை. நானும் அங்கே சத்தமில்லாமல் வளைத்துவிடுகிறேன்.


புரட்டாசி 2, புதன்

முழு லோடு. மண்டியில் நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து ஏறியதைப் பார்த்து ராயப்பண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"மூர்த்தி, இதென்னுங்க?"

"மலைக்கு மட்டும் சாந்தா ஓட்டுமுங்க. எனக்கு ஒத்துக்கறதில்ல." இவர் மூட்டு வலி என்று சொல்லவில்லை. ஒத்துக்கறதில்ல என்றார். அவ்வளவும் அவர் வாயிலிருந்து வந்ததே பெரிது.

ராயப்பண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்மிணி, பூவு பத்திரமுங்களா?"

"மொட்டாப் போகுமுங்கண்ணா. மலர்ந்திருந்தா நாளைக்கு வேற வண்டி பாத்துக்குங்க."

சொல்லிவிட்டேனே தவிர, பண்ணாரியில் சூடம் கொளுத்த மூன்று தீக்குச்சியை வீணாக்கினேன்.

முழு லோடில் முள் பதினாறைத் தாண்டிப் பதினேழைத் தொட்டது. லாரியைத் தாண்டினோம். பஸ் எங்களைத் தாண்டவில்லை. மைசூரில் முதல் பெட்டியைத் திறந்த ஆள் கையை உள்ளேவிட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினான். பச்சைக் காம்பும் வெள்ளை முனையுமாக, அரிசி மாதிரி மூடிய மொட்டு.

மாலையில் ராயப்பண்ணன் போன் செய்தார். இவரிடம்தான் பேசினார். ஆயுத பூஜை லோடு எங்களுக்கே. அன்றைக்கு முன்னால் நாலு நாள், தினம் இரண்டு நடை.

இரண்டு நடை என்றதும்தான் என் முழங்கால் ஞாபகம் வந்தது. சாக்கு நழுவி நழுவி, மலை உச்சியில் நான் இருக்கையின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தேன்.


புரட்டாசி 5, சனி

பெருமாளுக்குத் தளிகை போட்டேன். பிறகு கோவைக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். போனில் சொன்னால் ஃபெலிக்ஸ் மறுபடி கிட்டைத்தான் விற்கப் பார்ப்பார்.

எழுதி முடித்து இவரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். "ரெண்டு அங்குலம்னு எழுதாத. மூணுன்னு எழுது. இல்லீன்னா கீரு மாத்தறப்ப கை எட்டாது," என்றார். பென்சிலை வாங்கி அவரே அடித்துத் திருத்தினார். என்னை ஓட்டு என்று இவர் இதுவரை வாய்விட்டுச் சொல்லவில்லை. இனிச் சொல்ல வேண்டியதும் இல்லை.

நல்ல பிரதி எடுத்தது கீழே.

ஐயா,

இரட்டை டர்போ கிட் பற்றிப் பொறுமையாக விளக்கியதற்கு நன்றி. இரண்டையும் படித்துப் பார்த்தோம். எங்கள் வேலைக்குச் சின்னதும் பெரியதும் சேர்ந்த கிட்தான் பொருத்தம். ஆனால் இப்போது வேண்டியதில்லை. முழு லோடில் மீட்டர் பதினேழு காட்டுகிறது. இருக்கும் டர்போவே போதும்.

எங்களுக்கு வேண்டியது வேறு. எங்கள் பிக்கப் வண்டியின் ஓட்டுநர் இருக்கையை மூன்று அங்குலம் முன்னே தள்ளவும், கிளட்ச் மிதியைக் கொஞ்சம் உயர்த்தவும் ஏதாவது கிட் உண்டா? ஓட்டுநர் உயரம் நாலடி பதினொரு அங்குலம். ஆர்.டி.ஓ. ஒப்புக்கொள்ளும்படியானதாக இருக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு முன் மாட்ட வேண்டும். பதிலைச் சீக்கிரம் அனுப்பவும்.

இப்படிக்கு,
தி. சாந்தாமணி